மழை மலையாகாமல்: காதின் கணக்கை வைத்துப் பேச்சுப் பதிவில் இரைச்சலைக் குறைக்க முழுமையான வழிகாட்டி

பெரியம்மா பேசியதை 48 நிமிஷம் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். மன்னார்குடிப் பக்கத்துப் பழைய வீடு, கூடத்தில் ஊஞ்சல், தலைக்கு மேலே கடகடக்கும் மின்விசிறி. ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் போட்டு விசிறிச் சத்தத்தை முழுசாகத் துடைத்தேன். பேச்சுக்கு நடுவில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பெருமையாக அக்காவுக்கு அனுப்பி, தட்டச்சு செய்யச் சொன்னேன். அக்கா அடித்து அனுப்பியதில் ஒரு வரி: "மலை இறங்கினதும் வண்டி கட்டிட்டோம்." மன்னார்குடிப் பக்கம் மலை ஏது? மூலப் பதிவைக் கேட்டால், விசிறிச் சத்தத்துக்கு நடுவிலும் தெளிவாக "மழை இறங்கினதும்". முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவருக்கு ழகரம் தப்பாது. தப்பவைத்தது நான்.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழி இதுதான்: இரைச்சலை அழிக்கப் பார்ப்பதில்லை, காதுக்குத் தெரியாமல் ஆக்கினால் போதும். இரண்டும் ஒன்றில்லை. பேச்சே மூடி மறைக்கிற இரைச்சல் காதுக்கு எட்டாது. எட்டாததை வெட்டப்போனால் பேச்சுக்குத்தான் காயம். எதை வெட்டுவது, எதை விடுவது என்பதைக் காதின் கணக்கு சொல்லும்.

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் எல்லாப் படிகளையும் செய்துபார்க்கலாம், பைத்தான் மொழியும் அதன் கணக்கு நூலகமான நம்பையும் (NumPy) போதும். தெரியாதவர்களுக்குப் பின்பகுதியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் காது

அடுப்படியில் மிக்ஸி ஓடும்போது குழாய் சொட்டுவது கேட்காது. மிக்ஸியை நிறுத்தினால் சொட்டுச் சொட்டாகக் கேட்கும். சொட்டு நிற்கவே இல்லை, மிக்ஸி அதை மறைத்திருந்தது. இதற்கு மாஸ்கிங் என்று பெயர். நாம் செய்யப்போகும் வேலை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

உள்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட காக்ளியா இருக்கிறது. விரித்தால் நீளம் சுமார் 35 மில்லிமீட்டர். அதற்குள் ஓடும் சவ்வின் ஒரு முனை கீச்சுக் குரலுக்கு அதிரும், மறுமுனை கனத்த ஒலிக்கு அதிரும். இடத்துக்கு ஓர் அதிர்வெண். இதைக் கண்டு விளக்கிய கேயார்க் வான் பெக்கெசிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஓர் ஒலி வந்தால் ஒரு புள்ளி மட்டும் அதிர்வதில்லை, சுற்றியுள்ள இடமும் சேர்ந்து ஆடும். அந்த ஆட்டத்துக்குள் விழும் சின்ன ஒலி காணாமல் போகும்.

பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃபிளெட்சர் 1940-இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. ஒரு விசில் ஒலி, அதைச் சுற்றி இரைச்சல். இரைச்சலின் அகலத்தைக் கூட்டக் கூட்ட விசிலைக் கேட்பது கஷ்டமாகிறது. ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு அகலமாக்கினாலும் கஷ்டம் கூடுவதில்லை. அந்த அளவுக்கு அப்பால் இருக்கும் இரைச்சல் வேறு பட்டையில் விழுகிறது, விசிலை அது தொடுவதில்லை. இப்படிக் காது ஒலியைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் கேட்கிறது. 1961-இல் எபர்ஹார்ட் ஸ்விக்கர் இந்தப் பட்டைகளை 24 ஆக வகுத்தார். அந்த அளவுகோலுக்கு பார்க் என்று பெயர்.

பட்டைகளின் எல்லைகள் ஹெர்ட்சில் இவை, நிரலில் அப்படியே போட்டுக்கொள்ளலாம்: 0, 100, 200, 300, 400, 510, 630, 770, 920, 1080, 1270, 1480, 1720, 2000, 2320, 2700, 3150, 3700, 4400, 5300, 6400, 7700, 9500, 12000, 15500. கீழே 100 ஹெர்ட்ஸ் அகலம், 1000 பக்கம் 160, 4000 பக்கம் 700. மேலே போகப் போகக் காது மொத்தமாகக் கேட்கிறது, கீழே நுணுக்கமாகக் கேட்கிறது. சாதாரண இரைச்சல் நீக்கிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதற்கு 300 ஹெர்ட்சும் 6000 ஹெர்ட்சும் ஒரே மாதிரிக் கட்டங்கள்.

படி 1: பதிவு செய்யும்போதே

பாதி வேலை இங்கேதான் முடிகிறது, ஆனால் யாரும் இங்கே மெனக்கெடுவதில்லை. மைக்கை வாயிலிருந்து இரண்டடியில் வைத்திருந்தால் ஓரடிக்குக் கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் பேச்சு கிட்டத்தட்ட 6 டெசிபல் (ஒலியளவை அளக்கும் அலகு) ஏறும், விசிறி ஏறாது. இந்த 6 டெசிபலை எந்த நிரலும் இவ்வளவு சேதாரமில்லாமல் தராது.

விநாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியிலிருந்து எடுக்கும் அளவுப் புள்ளிகள்), சுருக்காத வேவ் கோப்பு. போனின் ரெக்கார்டரில் 'இரைச்சல் குறைப்பு' என்று இருந்தால் அணைத்துவிடுங்கள், அது ஏற்கெனவே மென்றுவிட்டுத் துப்பியதைத்தான் நமக்குத் தரும். கோப்பை மெசேஜ் செயலியில் குரல் பதிவாக அனுப்பாதீர்கள், கேபிள் வழியாக எடுங்கள். பேச்சைத் தொடங்கும் முன் பத்து விநாடி எல்லோரும் சும்மா இருங்கள். அந்தப் பத்து விநாடி வெறும் அறைச் சத்தம் பின்னால் தங்கம்.

படி 2: கண்ணால் பார்ப்பது

எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படமான ஸ்பெக்ட்ரோகிராமைத் திறந்து, எந்தச் சத்தம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 50, 100, 150 ஹெர்ட்சில் நேர்கோடுகள் தெரிந்தால் அது மின்சாரத்தின் ரீங்காரம். குறுகிய வடிகட்டி போட்டு அந்தக் கோடுகளை மட்டும் எடுத்துவிடலாம். 200-க்கு வந்ததும் நிறுத்துங்கள், பெண் குரலின் அடிச்சுருதி அந்தப் பக்கம்தான் இருக்கும். 80 ஹெர்ட்சுக்குக் கீழே பேச்சு என்று அனேகமாக எதுவும் இல்லை. அங்கே இருப்பது லாரி உறுமலும் மேஜை அதிர்வும், தயங்காமல் வெட்டுங்கள்.

குக்கர் விசில், காக்கை, கதவு அடிப்பது போன்றவை வந்துபோகிற சத்தங்கள். இனி வரும் முறை அவற்றுக்கில்லை. விசிறி, குளிர்சாதனப் பெட்டி, தூரத்துப் போக்குவரத்து மாதிரி நிலையாக ஓடுபவற்றுக்குத்தான்.

படி 3: துண்டு போடுவது

பேச்சை 1024 சாம்பிள் துண்டுகளாக வெட்டுங்கள். 48,000-இல் ஒரு துண்டு 21 மில்லிவிநாடி. அடுத்த துண்டு 256 சாம்பிள் தள்ளித் தொடங்கட்டும், ஒன்றின் மேல் ஒன்று முக்கால்வாசி ஏறியிருக்கும். ஒவ்வொன்றின் மேலும் துண்டின் ஓரங்களை மெல்ல மங்கவைக்கும் ஹான் ஜன்னல், பிறகு ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியே மாற்றம். கிடைக்கும் கட்டங்களுக்கிடையே 46.9 ஹெர்ட்ஸ் இடைவெளி.

துண்டு நீளம் ஒரு பேரம். நீளமாக வெட்டினால் அதிர்வெண் நுணுக்கமாகத் தெரியும், ஆனால் 'ட்ட', 'க்க' வெடிக்கும் நொடி மழுங்கிவிடும். குட்டையாக வெட்டினால் தலைகீழ். தமிழில் வல்லினம் இரட்டிப்பது ஏராளம், அதனால் நான் 21 மில்லிவிநாடியைத் தாண்டுவதில்லை.

பிறகு கட்டங்களின் ஆற்றலை மேலே சொன்ன 24 பட்டைகளில் கூட்டுங்கள். முதல் பட்டையில் இரண்டு மூன்று கட்டம்தான் விழும், 3700 முதல் 4400 வரைக்கும் உள்ள பட்டையில் பதினைந்து. இனி நமக்கு 24 எண்கள்தான் உலகம்.

படி 4: இரைச்சலை அளப்பது

பத்து விநாடி வெறும் சத்தம் இருந்தால், அதில் ஒவ்வொரு பட்டைக்கும் சராசரி ஆற்றல் எடுங்கள். விசிறி கடைசிவரை ஒரே மாதிரி ஓடியிருந்தால் இதுவே போதும்.

என் பதிவில் ஓடவில்லை. 20-ஆவது நிமிஷம் கரண்ட் போய் இன்வர்ட்டர் பிடித்தது, விசிறி வேறு குரலில் முனக ஆரம்பித்தது. முதல் பத்து விநாடி அளவை வைத்துச் சுத்தம் செய்ததால், 20-க்குப் பிறகு ஓரிடத்தில் குறைவாகவும் ஓரிடத்தில் அதிகமாகவும் வெட்டுப்பட்டது. இதற்கு ரெய்னர் மார்ட்டின் 2001-இல் விரிவாக எழுதிய ஒரு வழி உண்டு. பேசுகிறவர் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் ஒவ்வொரு பட்டையிலும் ஒன்றிரண்டு விநாடிக்குள் ஒரு தடவையாவது பேச்சு ஓயும். அந்த ஒன்றரை விநாடிக்குள் வந்த மிகக் குறைந்த ஆற்றல்தான் இரைச்சல். குறைந்தபட்சம் என்பதால் உண்மையான சராசரியைவிடக் கீழே இருக்கும், ஒரு காரணியால் பெருக்கி ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் காரணியைத் தேட வேண்டாம்: வெறும் சத்தம் உள்ள ஓரிடத்தில் சராசரியையும் குறைந்தபட்சத்தையும் ஒப்பிட்டால் உங்கள் பதிவுக்கானது கிடைத்துவிடும்.

படி 5: மறைப்பு வரம்பு

இதுதான் இதயம், இங்கே நிதானமாகப் போவோம்.

1979-இல் ஸ்டீவன் போல் (Boll) என்பவர், இரைச்சலின் அளவை எடுத்து நேரடியாகக் கழித்துவிடும் முறையை வெளியிட்டார். இன்றைக்கும் பல செயலிகளின் அடியில் அதன் வழித்தோன்றல்கள்தான் ஓடுகின்றன. அதே 1979-இல் பெல் ஆய்வகத்தில் மன்ஃபிரெட் ஷ்ரோடர், இந்தியாவில் பிறந்த பிஷ்ணு அடல், ஜோசப் ஹால் மூவரும் பேச்சைச் சுருக்கும் வேலைக்காக மாஸ்கிங்கைச் சூத்திரமாக்கினார்கள். இந்த இரண்டு ஓடைகளும் வெவ்வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. 1999-இல் நத்தாலி விராக் வெளியிட்ட கட்டுரை அவற்றைச் சேர்த்துவைத்த முக்கியமான வேலைகளில் ஒன்று. கழிப்பது எவ்வளவு என்பதை மறைப்பு வரம்பு, அதாவது எந்த அளவுக்குக் கீழே இருந்தால் பேச்சு இரைச்சலை மறைத்துவிடுமோ அந்த அளவு, முடிவு செய்யட்டும் என்றார்.

வரம்பைக் கணக்கிடச் சுத்தமான பேச்சு தேவை. சுத்தமான பேச்சு இருந்தால் நமக்கு இந்த வேலையே இல்லை. ஆகவே முதலில் ஒரு குத்துமதிப்பான கழித்தல். ஒவ்வொரு பட்டையிலும் மொத்தத்திலிருந்து இரைச்சலைக் கழித்து, மிச்சத்தைப் 'பேச்சு' என்று தற்காலிகமாக வைத்துக்கொள்ளுங்கள். கரடுமுரடாக இருந்தால் பரவாயில்லை, இதை யாரும் கேட்கப்போவதில்லை.

அடுத்து, ஒவ்வொரு பட்டையின் பேச்சும் அக்கம்பக்கப் பட்டைகளின் மேல் எவ்வளவு நிழல் போடுகிறது என்று பார்க்க வேண்டும். ஷ்ரோடர் குழுவின் சூத்திரத்தில் வரும் எண்கள் இவை. ஒரு பட்டை மேலே போனால் 4.3 டெசிபல் குறையும், இரண்டு பட்டை மேலே 12.3. ஒரு பட்டை கீழே 7.9, இரண்டு பட்டை கீழே 27.6. மேல்நோக்கி விழும் நிழல் நீளம், கீழ்நோக்கி விழுவது குட்டை. கனத்த ஒலி மெல்லிய கீச்சை எளிதில் மூடும், கீச்சு கனத்த ஒலியை மூடாது. காக்ளியாவின் சவ்வு ஆடும் விதம் அப்படி. இந்த நிழல்களை எல்லாம் ஆற்றலாகக் கூட்டினால் பரவிய ஆற்றல் கிடைக்கும்.

அதிலிருந்து ஒரு தள்ளுபடி. ஜேம்ஸ் ஜான்ஸ்டன் 1988-இல் பயன்படுத்திய எண்கள்: மறைக்கிற ஒலி இசைத்தன்மை கொண்டதானால் 14.5-உடன் பட்டை எண்ணைக் கூட்டிக் கழிக்க வேண்டும். இரைச்சல் மாதிரியானதானால் 5.5 கழித்தால் போதும். அதாவது 'ஸ்' மாதிரி ஒலி இரைச்சலை நன்றாக மறைக்கும், 'ஆ' மாதிரி ஒலி அவ்வளவாக மறைக்காது. எது எவ்வளவு இசைத்தன்மை என்பதற்கு, துண்டின் ஸ்பெக்ட்ரத்தில் பெருக்கல் சராசரியைக் கூட்டல் சராசரியால் வகுத்து டெசிபலில் பாருங்கள். 0-க்குப் பக்கத்தில் என்றால் தட்டையான இரைச்சல், கழித்தல் 60-ஐ எட்டினால் சுத்தமான சுருதி. இடைப்பட்டதற்கு இடைப்பட்ட தள்ளுபடி.

ஒரு துண்டை எடுத்துக் கையால் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்தவை. 'ஆ' உச்சரிக்கும் ஒரு துண்டு, இசைத்தன்மை பாதி.

8-ஆம் பட்டை, 770 முதல் 920 வரை. பேச்சு 60 டெசிபல், இரைச்சல் 30. தள்ளுபடி: 22.5-இல் பாதியும் 5.5-இல் பாதியும், மொத்தம் 14. வரம்பு 46. இரைச்சல் அதற்குப் பதினாறு டெசிபல் கீழே பதுங்கியிருக்கிறது. தொடவே வேண்டாம்.

10-ஆம் பட்டை, 1080 முதல் 1270 வரை. பேச்சு 34, இரைச்சல் 32. கிட்டத்தட்ட சமம் என்பதால் சாதாரண நீக்கி இங்கே கத்தியைத் தூக்கும். பேச்சுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து எவ்வளவு குறைப்பது என்று சொல்லும் வீனர் வடிகட்டியின் கணக்குப்படி 4 டெசிபல் வெட்டு. ஆனால் இரண்டு பட்டை கீழே 60 டெசிபலில் 'ஆ' உட்கார்ந்திருக்கிறது. அதன் நிழல் இங்கே 47.7. தள்ளுபடி 15 போக வரம்பு சுமார் 32.7. இரைச்சல் 32 அதற்குள் அடங்கிவிட்டது. இங்கும் தொட வேண்டாம். இந்த இடத்தில்தான் முறையின் முழு லாபமும் இருக்கிறது. காது கேட்காத இரைச்சலுக்காக ஒரு பட்டையை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும் கூத்து நின்றுபோகிறது.

16-ஆம் பட்டை, 2700 முதல் 3150 வரை. பேச்சு 38, இரைச்சல் 34. 8-ஆம் பட்டையின் நிழல் இவ்வளவு தூரம் எட்டாது. சொந்த ஆற்றலில் தள்ளுபடி 18 போக வரம்பு 20. இரைச்சல் 14 டெசிபல் வெளியே துருத்துகிறது, கேட்கும். ஆனால் 14-ஐயும் வெட்டினால் கூடவே பேச்சும் 14 இறங்கிவிடும். வீனர் இங்கே கேட்பது 3 டெசிபல்தான்.

ஆக விதி: ஒவ்வொரு பட்டைக்கும் இரண்டு யோசனைகள் வரும். வீனர் சொல்வது ஒன்று, 'இரைச்சல் வரம்புக்குள் அடங்க இவ்வளவு போதும்' என்று காது சொல்வது இன்னொன்று. எது குறைவாக வெட்டுகிறதோ அதை எடுங்கள். 8-இல் பூஜ்யம், 10-இல் பூஜ்யம், 16-இல் 3.

இனி மழைக்கு வருவோம். வாயின் வடிவத்தால் சில அதிர்வெண்கள் தூக்கலாக ஒலிக்கும், அவற்றை ஃபார்மன்ட் என்பார்கள். லகரத்தில் மூன்றாவது ஃபார்மன்ட் மேலே இருக்கும். ழகரத்துக்கு நாக்கு மடியும்போது அது 2000 ஹெர்ட்சை ஒட்டி இறங்கிவிடும். 15, 16-ஆம் பட்டையில் இருந்த சின்ன மேடு 13, 14-க்கு இறங்குகிறது. மழைக்கும் மலைக்கும் நடுவே உள்ள பெரிய அடையாளம் இந்தச் சின்ன மேடுதான், ஆற்றல் ரொம்பக் குறைவு. நான் முதலில் 30 டெசிபல் குறைக்கச் சொன்னபோது, விசிறிச் சத்தத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த அந்த மேடும் போய்விட்டது. மேடு இல்லாத இடத்தில் அக்காவின் காது தனக்குப் பழகியதை நிரப்பிக்கொண்டது.

கடைசியாக, மௌனத்தில் காது கேட்கக்கூடிய குறைந்தபட்ச ஒலி என்று ஒன்று உண்டு. வரம்பு அதற்குக் கீழே போகக் கூடாது. 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை காது மிகக் கூர்மை, இரு ஓரங்களிலும் மந்தம். கேட்பவர் எவ்வளவு ஒலியளவில் கேட்பார் என்று நமக்குத் தெரியாது; சாதாரணப் பேச்சு சுமார் 65 டெசிபலில் ஒலிக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

படி 6: தரையும் நேரமும்

பேச்சு இல்லாத இடங்களில் வீனர் பூஜ்யம் வரைக்கும் அடிக்கப் பார்க்கும். விடாதீர்கள். 12 டெசிபலுக்கு மேல் எந்தப் பட்டையையும் எப்போதும் இறக்குவதில்லை என்று ஒரு தரை போடுங்கள். மொத்தமாக அடித்தால், தப்பிப் பிழைக்கும் ஒன்றிரண்டு கட்டங்கள் அங்கங்கே மினுக்கும். குருவிக்கூட்டம் தண்ணீருக்குள்ளிருந்து கீச்சிடுவது மாதிரி இருக்கும் அந்தச் சத்தத்தை மியூசிக்கல் நாய்ஸ் என்கிறார்கள். இசைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விசிறியைப் பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளும் காது, இதைப் பத்து விநாடி பொறுக்காது. மெல்லிய, சீரான இரைச்சல் விரிப்பு ஒன்று கீழே கிடந்தால் இந்தக் கீச்சு அதில் அமுங்கிவிடும். இதுவும் மாஸ்கிங்தான், இந்தத் தடவை இரைச்சலே நமக்கு உதவுகிறது.

நேரத்திலும் நிழல் உண்டு. உரத்த ஒலி நின்ற பிறகு 100 முதல் 200 மில்லிவிநாடி வரை காது கொஞ்சம் மந்தமாக இருக்கும். ஒலி வருவதற்கு முன்னால் விழும் நிழலோ சில மில்லிவிநாடிதான், மிஞ்சிப்போனால் இருபது. ஆகவே பேச்சு வந்து பட்டை திறக்கும்போது, அதாவது வெட்டு விலகும்போது, சட்டென்று திறக்கட்டும், மூடும்போது 80 மில்லிவிநாடி எடுத்து மெதுவாக மூடட்டும். வார்த்தைக்குப் பின்னால் ஒட்டிவரும் இரைச்சல் வால் பெரிதாகக் கேட்காது. தலைகீழாகச் செய்தால் 'கட்டிட்டோம்' என்பதில் இரண்டு 'ட்ட'வும் 'கஇஓம்' என்று கரைந்துபோகும். பதிவு ஏற்கெனவே கையில் இருப்பதால், இரண்டு துண்டு முன்கூட்டியே எட்டிப்பார்த்துத் திறக்க வைப்பது சுலபம். நேரலையில் பேசுகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை.

24 பட்டைகளின் பெருக்கல் காரணிகளை நடுவே சரிவாக இணைத்துக் கட்டங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள், படிக்கட்டாக வேண்டாம். மூலப் பதிவின் ஃபேஸை (ஒவ்வோர் அலையும் எந்த நிலையில் தொடங்குகிறது என்பதை) அப்படியே வைத்துக்கொண்டு தலைகீழ் ஃபூரியே போட்டு, துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கூட்டினால் வேலை முடிந்தது.

நிரல் எழுதாதவர்களுக்கு

ஆடாசிட்டியிலேயே பாதி தூரம் போகலாம். வெறும் சத்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து இரைச்சல் மாதிரி எடுங்கள். குறைப்பு அளவை 9-இல் தொடங்குங்கள், 12-ஐத் தாண்டாதீர்கள். அங்கே உள்ள அதிர்வெண் வழுவழுப்பு எண்ணை 3-லிருந்து 6 வரை வைத்தால், அக்கம்பக்கக் கட்டங்கள் சேர்ந்து ஏறி இறங்கும், குருவிக் கீச்சு குறையும். மறைப்பு வரம்பு பார்க்கும் அறிவு அதற்கில்லை, அந்த அறிவை நீங்கள் கொடுக்க வேண்டியதுதான்.

இன்னொன்று ஆர்என்நாய்ஸ். ஜான்-மார்க் வாலன் 2017-இல் வெளியிட்ட திறந்த மூல மென்பொருள், ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற திரைப்பதிவு, நேரலை மென்பொருளில் ஒரு வடிகட்டியாகவே வருகிறது. உள்ளே நரம்பு வலைப்பின்னல் இருந்தாலும் அது பேச்சை உருவாக்குவதில்லை. பார்க் அளவுகோலை ஒட்டிய பட்டைகளுக்கு (முதல் பதிப்பில் 22) எவ்வளவு பெருக்குவது என்று மட்டும் ஊகிக்கிறது. காதைப் படித்தவர்கள் கட்டியது என்பதால் சின்னக் கணினியிலும் ஓடுகிறது. ஆனாலும் அதன் வெளியீட்டை அப்படியே எடுக்காமல், மூலப் பதிவை அடியில் 12 டெசிபல் குறைத்துச் சேர்த்துக் கலந்துபாருங்கள். அதுவே தரை.

படி 7: கேட்டுச் சோதிப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், நானும் தாண்டியவன்தான். முதலில் இரண்டு பதிவின் ஒலியளவையும் சமமாக்குங்கள், இல்லாவிட்டால் சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஹெட்போனில் ஒருமுறை, போன் ஸ்பீக்கரில் ஒருமுறை.

பிறகு குப்பையைக் கேளுங்கள். மூலத்திலிருந்து சுத்தம் செய்ததைக் கழித்தால் வெட்டி எறிந்தது மட்டும் மிஞ்சும். ஆடாசிட்டியில் இதற்கே ஒரு தேர்வு உண்டு, ரெசிட்யூ என்று பெயர். அதில் விசிறி மட்டும் கேட்டால் நல்லது. யாரோ கிசுகிசுக்கிற மாதிரி வார்த்தைகள் கேட்டால் ஆழமாக வெட்டிவிட்டீர்கள். என் முதல் முயற்சியின் குப்பையில் பெரியம்மா ஒரு முழு வாக்கியம் பேசிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, அந்தப் பேச்சை இதுவரை கேட்காத ஒருவரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருக்கும், உங்கள் காது சாட்சிக்கு உதவாது. வாழை, வாளை, பழம், பலம், மனம், மணம் மாதிரிச் சொற்கள் வரும் இடங்களைப் பொறுக்கிக் கொடுங்கள். பெஸ்க், ஸ்டாய் என்று மதிப்பெண் போடும் அளவீடுகள் உண்டு, ஆனால் அவற்றுக்கு ஒப்பிடச் சுத்தமான மூலம் வேண்டும். வீட்டுப் பதிவுக்கு அது ஏது?

எது சரியாகாது

எதிரொலி சரியாகாது. வெறும் சுவரும் சிமெண்டுத் தரையும் உள்ள அறையின் முழக்கம் பேச்சிலிருந்தே பிறக்கிறது, அதை இரைச்சலாகப் பிரித்தெடுக்க இந்த முறைக்குத் தெரியாது. பின்னால் ஓடும் டிவி சீரியலும் சரியாகாது, அதுவும் பேச்சு. இரண்டு பேர் பேசும்போது ஒருவரை மட்டும் நாம் எப்படிப் பிடித்துக்கொள்கிறோம் என்று காலின் செர்ரி 1953-இலேயே ஆராயத் தொடங்கினார். அந்த வித்தைக்கு இரண்டு காதும் கவனமும் பெரிய துணை, நம்மிடம் இருப்பதோ ஒற்றை மைக்.

தானாக எழுத்தாக்கும் மென்பொருளுக்குத் தரப்போகிறீர்கள் என்றால் மூலப் பதிவையும் கொடுத்துப் பாருங்கள். அதற்குக் காக்ளியா கிடையாது; நம் காதிலிருந்து மறைத்தது அதனிடமிருந்து மறைந்துவிட்டதாக அர்த்தமில்லை.

பெரியம்மாவின் பதிவில் விசிறி இப்போது 11 டெசிபல் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது, முனகலாக. 31-ஆவது நிமிஷத்தில் குக்கர் மூன்று விசில் அடிக்கிறது. அந்த மூன்று விநாடியை எளிதாக வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. மூன்றாவது விசிலுக்கு, "இருடா, அடுப்ப அணைச்சிட்டு வரேன்" என்று எழுந்துபோகிறார். ஊஞ்சல் சங்கிலி கிரீச்சிடுகிறது, கொஞ்ச நேரம் விசிறி மட்டும்.